நீலசந்திராவில் மூன்று நாள்

பெங்களூரைக் காண வரும் தமிழ் அன்பர்கள் லால்பாக்கைக் காண்பார்கள். 1956ஆம் ஆண்டில் கட்டி முடிந்த விதான சௌதாவைக் காண்பார்கள். பொழுதிருந்தால் அல்சூர் ஏரிக்கரைக்கும் போய் வருவார்கள். நீலசந்திராவைக் காண வேண்டுமென்று ஒருவரும் வருவதில்லை. அங்கே உறவினர் இருந்தால் வருவார்கள்; உறவினரைக் கண்டதும் திரும்புவார்கள். நாங்களும் ஊர் பார்க்கும் எண்ணத்தோடு அங்கே செல்லவில்லை. ஓர் அறை கோணிக்கொண்டதால் சென்றோம். மூன்று நாள் இருக்க நேர்ந்தது.

அறை கோணிக்கொண்டது என்றால் நேயர்கள் வீட்டு அறை என்று எண்ணக்கூடும். இது வண்டியின் அறை. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் அன்னையாரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும்.

அன்னையாருக்கு வயது 83. சென்ற ஆண்டு வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆயினும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார இயலாது, படுக்க வேண்டும். பிறந்த ஊர் செங்கத்துக்கு அப்பால். திருமணமாகிப் பெங்களூர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வீடும் நிலமும் விற்று நெடுங்காலமாயிற்று. "ஏரியை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்" என்பதே ஓராண்டாக அவர்கள் பேச்சு. படுத்தவாறே செல்ல நோயாளி வண்டி ஒன்றை அமர்த்தலாம் என்றோம். "ஆஸ்பத்திரி வண்டியிலே ஊருக்குள்ளே போனா, நான் செத்துட்டேன்னு தெருவே அழ ஆரம்பிச்சுடும்" என்று மறுத்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் தமையனார் மகன், பிறர் ஆண்டு பழகிய கேரவன் ஒன்றை வாங்கினான். கேரவன் என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் இளைப்பாறவும் நிறுத்தியிருக்கும் பெரிய வண்டியை நம் மக்கள் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் கேரள அரசு இத்தகைய வண்டிகளில் சுற்றுலா செல்வதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. கர்நாடகத்திலும் இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு.

எனினும் ஒரு குறை. நம் நாட்டுச் சட்டப்படி சாலையில் ஓடும் வண்டி 2.6 மீட்டருக்கு மேல் அகலமாக இருத்தல் ஆகாது. அமெரிக்காவிலும் வரம்பு ஏறத்தாழ அதுவே. சுவர்களின் கனம் போக எஞ்சும் இடத்தில் நோயாளிக்குக் கட்டிலும், அருகே உதவி செய்வோர் நிற்க இடமும் எங்கிருந்து வரும்? இதற்கு அமெரிக்கர் ஒரு வழி கண்டனர். வண்டி நின்றபின் பக்கச் சுவரின் ஒரு பகுதி, தரை, கூரை, சன்னல் சகிதமாக மேசையின் இழுப்பறைபோல் வெளியே நகர்ந்து வரும். புறப்படும்போது உள்ளே போய்விடும். இண்டியானா மாநிலத்திலுள்ள நியூமார் என்னும் கம்பெனியார் 1990ஆம் ஆண்டில் இதனைத் தம் வண்டிகளில் அமைத்தபின் எங்கும் பரவிற்று. தொழிலறிந்தோர் 'ஸ்லைடு' என்கின்றனர். நாமும் அப்படியே சொல்வோம்.

கருத்து நமக்குப் புதிதா என்ன? திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சென்ற காலத்தில், மாட்டை அவிழ்த்ததும் நுகத்தடியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, கூண்டின் முன்னால் படுதாவை இழுத்துக் கட்டுவார்கள். பாட்டிமார் வண்டிக்குள்ளும், பிள்ளைகள் படுதாவின் கீழும் படுப்பார்கள். படுதாவுக்கு மோட்டார் தேவைப்படவில்லை என்பது ஒன்றே வேற்றுமை.

எங்கள் வண்டியின் ஸ்லைடு இரண்டரை அடி வெளியே வரும். அதில் ஒரு கட்டில். அன்னையாரை ஒரு நாள் அதில் படுக்கவைத்துப் பழக்குவோம் என்று வீட்டு வாயிலிலேயே வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினோம். அறை உறுமிக்கொண்டே வந்தது. வலப்பக்கம் முழுதும் வந்துவிட, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் பின்தங்கி நின்றுவிட்டது. மேலும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. அன்று மாலை பெய்த மழை கோணிய இடுக்கின் வழியே இறங்கி மெத்தையை நனைத்தது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. "வேண்டாம்டா, விட்டுடுங்க" என்று மறுநாள் காலையில் சொன்னார்கள். ஓராண்டில் அவர்கள் ஏரிப் பேச்சை விட்டது அன்றுதான்.

பழுது பார்ப்பவரைத் தேடி அலைந்தோம். ஓரிடத்தில், அறையை உள்ளே தள்ளி நிரந்தரமாக வெல்டு வைத்துவிடலாம் என்றார்கள். இறுதியில் நண்பர் ஒருவர், "நீலசந்திராவில் தங்கவயல்காரர் ஒருவர் இருக்கிறார், பஸ் பாடி வேலை செய்கிறவர், காட்டிப் பாருங்கள்" என்றார். நாலு பேர் கடப்பாரையால் நெம்பி அறையை ஒருவாறு உள்ளே ஏற்றி, கயிற்றால் கட்டி, ஆமைபோல் ஊர்ந்து சென்றோம்.

நீலசந்திரா என்னும் பெயரைக் கேட்டு நீல நிறச் சந்திரன் என்று பொருள் கொள்வோர் உண்டு. அறிஞர் அவ்வாறு கூறுவதில்லை. பொம்மசந்திரா, திப்பசந்திரா, சிங்கசந்திரா எனப் பெங்களூரைச் சுற்றிலும் இவ்வாறு முடியும் ஊர்கள் பல. 'சமுத்திரம்' என்னும் சொல்லே இவ்வாறு தேய்ந்தது என்பர். நம் நாட்டில் அம்பாசமுத்திரம், இராஜசமுத்திரம் என்பது போலத்தான். ஏரியை நம்பி வாழ்ந்த சிற்றூர்க்கு அந்நாளில் ஏரியே கடல். ஆகவே ஏரியைக் காண விரும்பும் மூதாட்டியின் வண்டி, ஏரியைப் பெயரில் வைத்திருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்தது பொருத்தந்தான். இன்று அங்கே வீட்டின் மேல் வீடு. ஒரு வீட்டு மாடிப்படியில் நின்று எதிர்வீட்டுச் சன்னலில் சர்க்கரை கேட்டு வாங்கலாம்.

ஒருபுறம் ஆஸ்டின் டவுன், ஒருபுறம் ஆனேபாளையா, ஒருபுறம் விவேக் நகர். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, சென்னைப் படையைச் சார்ந்தும் படைக்குத் தொண்டு செய்யவும் வந்த தமிழர் ஏராளம். கொத்தர், தச்சர், தையற்காரர், சலவை செய்வோர், சமையற்காரர் எனப் பலரும் வந்தனர். அக்குடும்பங்களின் வழிவந்தோரும் பின்னால் வந்தோரும் இப்பகுதிகளில் அடர்ந்து வாழ்கின்றனர். ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒலிக்கின்றன. தேநீர்க் கடையில் ஒருவர் கன்னடத்தில் கேட்க, கடைக்காரர் உருதுவில் உள்ளே குரல் கொடுக்க, பையன் தமிழில் விடை சொல்லுகிறான். மூவருக்கும் இது வியப்பாக இல்லை. நாங்கள் இருந்த நாட்களில் ஒன்று வியாழக்கிழமை. விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு கோயிலுக்கு மெழுகுவத்தியும் மாலையுமாக மக்கள் சென்ற வண்ணம் இருந்தனர். குங்குமப் பொட்டு வைத்த தாய்மார் அவர்களிடையே பலர்.

தங்கவயல்காரரை அவ்விடத்தில் எல்லாரும் மேஸ்திரி என்கிறார்கள். அறுபது வயதை ஒட்டியவர். கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவர். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபோது மனைவி மக்களோடு ஒரு தகரப் பெட்டியுடன் பெங்களூர் வந்தாராம். தங்கவயல் தமிழரைப் பற்றி நம் இதழ் நேயர்களுக்கு நாம் விரித்துக் கூற வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டு மைல் ஆழம் வரை சென்ற சுரங்கம் அது. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்துவிட்டது. ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டு, இருபுறமும் வழிச்சட்டங்களைப் பற்றிக்கொண்டு நேராக ஓட வேண்டும். அந்தக் கூண்டுகளைச் சரிபார்ப்பது மேஸ்திரியின் வேலைகளுள் ஒன்றாக இருந்ததாம்.

அவர் எங்கள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பையனை அனுப்பி ரசமட்டத்தைக் கொண்டுவரச் செய்து வண்டியின் தரைமேல் வைத்தார். "ரூம் கோணல் இருக்கட்டும் சார். முதல்லே வண்டியே கோணலா நிக்குது" என்றார்.

நாங்கள் வீட்டு வாயிலில் செய்த முதற்பிழை அதுதான். வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றால் அறையின் பளு முழுதும் ஒரு பக்கத்துப் பற்களின்மேல் ஏறுகிறது. நாற்புறமும் ஜாக்கி கொடுத்து, சக்கரங்களின் கீழ்ப் பலகை வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகே அவர் வேலையைத் தொடங்கினார்.

இந்த அமைப்பை அவர் எங்களுக்கு விளக்கியவாறே எழுதுகிறோம். அறையின் தரைக்கடியில் இரண்டு இரும்புக் கைகள். ஒவ்வொன்றிலும் பல்வரிசை, அதைப் பற்றிச் சுழலும் பற்சக்கரம். இரண்டு சக்கரங்களையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. அத்தண்டைச் சுழற்றுவது 12 வோல்ட்டு மோட்டார் ஒன்று. மோட்டார் ஒன்று, தண்டு ஒன்று என்பதால் இரண்டு கைகளும் ஒத்து நகரும். தண்டின் இணைப்பில் உள்ள போல்ட் அறுந்தாலோ, பற்சக்கரம் ஒரு பல் தாண்டி விழுந்தாலோ, ஒரு கை முந்தும், மறு கை பின்தங்கும். வேறு வகைகளும் உண்டு. பக்கச் சுவர்களிலேயே மெல்லிய பற்சட்டம் வைத்து இரண்டு சிறு மோட்டார்களால் நகர்த்துவது ஒன்று. கம்பிவடமும் கப்பியும் கொண்டு இழுப்பது ஒன்று. எண்ணெய் அழுத்தத்தால் தள்ளுவது ஒன்று. இரண்டு மோட்டார் வகையில், அறை முழுதும் வெளியே வந்த பிறகும் பொத்தானைச் சில விநாடி அழுத்தியே வைத்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் இரண்டும் ஒன்றற்கொன்று கணக்கை ஒத்துக்கொள்ளும். எங்கள் வகையில் அவ்வாறு அழுத்தி வைப்பது கேடு.

எங்கள் வண்டியில் போல்ட் அறுந்திருந்தது. ஏன் அறுந்தது என்பதுதான் எங்களைத் தலைகுனியச் செய்தது. வாங்கியவுடன் 'நன்றாக ஓடட்டும்' என்று, சக்கரத்துக்குப் போடும் கிரீசைப் பல்வரிசை முழுதும் அப்பியிருந்தோம். எஞ்சியதை ரப்பரிலும் தடவினோம். பெங்களூரின் செம்மண் தூசி கிரீசில் படிந்து சாணைக்கல் பொடியாகிவிட்டது. பெட்ரோலியக் கிரீஸ் பட்ட ரப்பரோ ஊறி நெகிழ்ந்திருந்தது. மேஸ்திரி விரலால் வழித்து எங்கள் முகத்துக்கு நேரே காட்டினார். ஏசவில்லை. அது ஏச்சைவிடக் கடுமையாக இருந்தது.

முதல் நாள் முழுதும் துப்புரவு செய்வதிலேயே கழிந்தது. பற்களை மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்த்தார்கள். மண்ணெண்ணெய் ரப்பரைத் தொடாதபடி பழைய சாக்கை மறைப்பாகக் கட்டினார்கள். துடைத்து உலர்ந்தபின், ஈரமின்றிப் படியும் உலர்மசகை மெல்லத் தெளித்தார். "பல் பளபளன்னு காஞ்சு இருக்கணும். கையை வெச்சா கறை ஒட்டக்கூடாது" என்றார்.

இரண்டாம் நாள்தான் அறையை நேர்ப்படுத்தும் வேலை. இணைப்பைக் கழற்றியதும் இரண்டு கைகளும் தனித்தனி ஆயின. பின்தங்கிய பக்கத்தை நெம்பி முன்தள்ளி, வண்டிச் சுவரிலிருந்து அறையின் விளிம்பு வரை இரு பக்கமும், மேலும் கீழும், நாடாவால் அளந்தார். நான்கு அளவும் ஒத்த பிறகு புதுப் போல்ட் ஏறிற்று. பிறகு உயரம். அறை வெளியே வந்தபின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து தொங்கிற்று. கைகள் அறையைத் தாங்கும் இடத்திலுள்ள போல்ட்டுகளைக் கால் சுற்று திருப்புவார், அறையை உள்ளே இழுத்து வெளியே விடுவார், பார்ப்பார், மறுபடியும் கால் சுற்று. அரைச் சுற்று திருப்பினால் விரைவில் முடியுமே என்று எங்களுள் ஒருவர் கேட்டார். "கூண்டுலே அரை இஞ்ச் அவசரப்பட்டா உள்ளே இருக்கிற ஆளு போயிடுவான் சார். அந்தக் கை இது" என்று தம் கையைக் காட்டினார்.

அறை உள்ளே போய் நிற்கும் எல்லையைக் குறிக்கும் நட்டுகளைக் கடைசியில் திருத்தினார். அவை தளர்ந்திருந்தால் ரப்பர் சுவரோடு படியாது, நீர் புகும். இறுகியிருந்தால் மோட்டார் திணறும். அளவை அறிய அவர் வைத்திருந்த கருவி, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டித் தாள். ஒரு தாளைக் கிழித்து ரப்பருக்கும் சுவருக்கும் இடையில் வைத்து அறையை மூடி, தாளை இழுப்பார். வழுக்கி வந்தால் பிடி போதாது, கிழிந்தால் மிகை, சற்றே தயங்கி வர வேண்டும். எட்டு இடத்தில் எட்டுத் தாள். அந்த மாதத்தின் பாதி நாட்கள் அன்று மாலைக்குள் தீர்ந்துபோயின.

ரப்பர் முழுவதையும் மாற்ற நேர்ந்தது. ஜே.சி. ரோட்டுக்குச் சென்று வாங்கி வந்தோம். வெளிப்புறம் துடைப்பம்போல் வழிக்கும் ரப்பர் ஒன்று. உள்ளே குழாய்போல் உப்பி அமுங்கும் ரப்பர் ஒன்று. இனி அதற்குச் சோப்பு நீரும், சிலிகான் தெளிப்பும் தவிர வேறொன்றும் காட்டக்கூடாது என்று கட்டளை. மழைக்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்தியிருந்தாலும் மாதம் ஒருமுறை அறையை வெளியே விட்டு உலர்த்த வேண்டும். இல்லையேல் ரப்பர் சுவரோடு ஒட்டிக் கிழியும், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். தரையின் ஓரப் பலகையை அவ்வப்போது கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தால் எங்கோ நீர் இறங்குகிறது என்று பொருள். மழை நீர் பெரும்பாலும் மேல் மூலைகளில்தான் நுழைகிறதாம்.

மூன்றாம் நாள் பையன் ஒருவன் குழாயைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வண்டியின்மேல் மழை பொழிந்தான். நாங்கள் உள்ளே அமர்ந்து, மூலைகளில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கோடு கலைகிறதா என்று பார்த்தோம். கலையவில்லை.

பணம் கொடுத்துப் புறப்பட இருந்தோம். மேஸ்திரி விடவில்லை. மோட்டார் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விழித்தோம். மோட்டாரின் பிடிப்பை விடுவித்து, தண்டின் முனையில் கைப்பிடியை மாட்டிச் சுழற்றும் முறையைக் காட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியே செய்யச் சொன்னார். எத்தனை சுற்று என்று எண்ணவும் சொன்னார். உள்ளேயிருந்து வெளியே வர 140 சுற்று. அதை வண்டிக் கதவின் உட்புறத்தில் வண்ணக் குச்சியால் எழுதினார்.

அன்னையாரோடு புறப்பட்டது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வண்டி ஓடும்போது அறை உள்ளே இருக்க வேண்டும், கட்டில் குறுகியிருக்கும், ஆயினும் படுக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை. ஒவ்வொரு ஊரின் பெயரையும் அன்னையார் படுத்தவாறே முன்கூட்டிச் சொல்லி வந்தார்கள். ஊத்தங்கரையில் மட்டும் தவறிவிட்டது. புதிய கட்டடங்கள் வழியை மறைத்துவிட்டன.

ஊரை அடைந்தபோது மணி நான்கு. எங்கள் பழைய நிலத்தை இப்போது உழுபவர், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ள அன்போடு இசைந்தார். தெருவே திரண்டு வந்தது. யாரும் அழவில்லை. அன்னையாரைச் சக்கர நாற்காலியில் இறக்கினோம். வெயிலும் வந்தவர்களின் பேச்சும் சேர்ந்து, சிறிது நேரத்தில் அவர்கள் முகம் வாடிற்று. உடனே படுக்கவேண்டும். பதற்றத்தில் நாங்கள் ரசமட்டத்தை மறந்தோம். தரை ஏரிப் பக்கம் சரிந்திருந்தது. பொத்தானை அழுத்தினோம். அறை ஒரு சாண் வந்து, முனகி, நின்றது. ஃப்யூஸ் போய்விட்டது. மாற்று ஃப்யூஸ் எங்களிடம் இல்லை. கம்பியைச் சுற்றிப் போடலாம் என்று டிரைவர் சொன்னார். அதைச் செய்தால் வண்டியைக் கொளுத்தியதற்கு ஒப்பு என்று மேஸ்திரி எச்சரித்திருந்தது நினைவுக்கு வந்தது.

நிலத்துக்காரர் ஓடிப்போய்ப் பலகைகள் கொண்டுவந்தார். சக்கரத்தின் கீழிட்டு, ஏற்றி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் வர இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு கைப்பிடியை மாட்டினோம். மண்ணில் மல்லாந்து படுத்து, பத்துச் சுற்றுக்கு ஓர் ஆளாக மாறி மாறிச் சுழற்றினோம். எண்ணுவது எங்களுக்குத் தவறிற்று. நாற்காலியிலிருந்தபடி அன்னையார் எண்ணத் தொடங்கினார்கள். சுற்றி நின்ற சிறுவர்கள் அவர்களோடு சேர்ந்து கூவினர். அறை ஒரு சாண் முன்னமே வந்திருந்ததால், 98இல் அது இருபக்கமும் ஒத்து வந்து முட்டி நின்றது. சிறுவர்களுக்கு நூறு ஆகவில்லையே என்று வருத்தம்.

அன்னையார் கட்டிலில் படுத்துச் சன்னல் வழியே ஏரியைப் பார்த்தார்கள். நீர் பாதி அளவே இருந்தது. "இந்தக் கோடி மதகுலேதான் எங்க அப்பா என்னை நீந்தப் போட்டார்" என்றார்கள். பிறகு வெகுநேரம் பேசவில்லை. உறங்கிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தோம். விழித்திருந்தார்கள்.

காலையில் புறப்படுமுன் கூரைமேல் ஏறி விளக்குமாற்றால் புளிய இலைகளைக் கூட்டினோம். அறையின் கூரையில் சருகு கிடக்க அதை உள்ளே இழுத்தால் ரப்பருக்கிடையில் சிக்கி நீருக்கு வழிவிடும். கீழே விழுந்த இலைகளில் ஒரு கைப்பிடி எடுத்துத் தரும்படி அன்னையார் கேட்டார்கள். தாளில் மடித்துக் கொடுத்தோம், தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரியில் காப்பி அருந்த நின்றபோது மேஸ்திரியைக் கைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். ரூம் நேரா வந்ததா என்று கேட்டார். வந்தது என்றோம். அம்மா எப்படியிருக்கிறார்கள் என்று கேட்டார். உறங்குகிறார்கள் என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. அவர் பக்கத்தில் யாரோ இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது.

"வரும்போது அங்கேயே ரெண்டு ஃப்யூஸ் வாங்கிக்கோங்க சார்" என்றார்.